கேட்டதைவிட அதிகம்

மருமகள்: ஒயரைப் பிடுங்காதீங்க சார்!

ஆபீஸ்காரர்: நான் தொடவே இல்லையே... அதுவா அணைஞ்சுது.

மருமகள்: மறுபடியுமா?

ஆபீஸ்காரர்: மறுபடியும்தான். பச்சை விளக்கு எரியுது. கம்ப்யூட்டர் ஏதோ கேக்குது, ரெக்கார்டர் ஏதோ சொல்லுது, ரெண்டும் முறைச்சுக்குது. விளக்கு அணைஞ்சு திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்குது.

அத்தை: நானும் என் மாமியாரும் இப்படித்தான் இருந்தோம்.

மருமகள்: அத்தை, இப்ப ஜோக்கா?

அத்தை: அதுவே லேட். டைப் அடிச்சு முடிக்கறதுக்குள்ள ஜோக்கு ஆறிப்போயிடுது.

ஆபீஸ்காரர்: நீங்க டேப்லெட்ல அடிக்க அடிக்க அதுவே பேசிடுதாம்மா? பரவாயில்லையே, குரல் தெளிவா இருக்கு.

அத்தை: தெளிவு இருக்கு, உப்பு இல்ல. இந்தக் குரலுக்குச் சொந்தக்காரி யாரோ, பாவம், அவளுக்குக் கோவமே வராது போல. நேத்து இதுல இவளைத் திட்டினேன். ஏதோ பேங்க்லேர்ந்து கூப்பிட்டு வணக்கம் சொன்ன மாதிரி இருந்தது.

மருமகள்: நானும் பதிலுக்கு நன்றின்னு சொல்லிட்டேன்.

அத்தை: ஸ்கூல்ல நான் விளையாட்டு டீச்சர், சார். விசில் வாங்கினதே இல்ல. "ஏய்"னு ஒரு சத்தம் போட்டா மைதானத்துல பந்துகூட நின்னுடும்.

ஆபீஸ்காரர்: மேடம் சொல்லியிருக்காங்க... அதாவது, ஆபீஸ்ல பொதுவா பேசிக்கிட்டிருந்தப்ப.

அத்தை: வீடு கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்ததா?

ஆபீஸ்காரர்: கொஞ்சம்... விசாரிச்சு விசாரிச்சு வந்துட்டேன்.

மருமகள்: சரி சார், நேரம் போகுது. வேலையைப் பாப்போம்.

ஆபீஸ்காரர்: முதல்லேர்ந்து ஒரு தடவை சொல்லிடுங்க மேடம். போன்ல பாதிதான் புரிஞ்சுது.

மருமகள்: அத்தைக்குத் தொண்டையில ஆபரேஷன். குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி, பேச்சு மையத்துல இந்த ரெக்கார்டரைக் கொடுத்து, அவங்க எழுதித் தந்த வாக்கியங்களைப் படிக்கச் சொன்னாங்க. அதை வெச்சு இந்த டேப்லெட்டை அத்தை குரல்லயே பேச வைக்கலாம்.

ஆபீஸ்காரர்: அத்தனையும் படிச்சாங்களா?

மருமகள்: படிச்சாங்க. கதவைச் சாத்திக்கிட்டு, என்னைக்கூட உள்ள விடாம. ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுது. இப்ப மையத்துல என்னடான்னா, அவங்க கம்ப்யூட்டர் இந்த ரெக்கார்டரை வாங்க மாட்டேங்குதாம். "அளவு பொருந்தலை, உள்ள இருக்கறது கெட்டுப்போச்சு, இன்னொரு தடவை பேசி அனுப்புங்க"ன்னு ஒருத்தர் சொல்றார். அவங்க புரோகிராமை வாங்கிவந்து நம்ம கம்ப்யூட்டர்ல போட்டாலும் இதே கதைதான்.

அத்தை: எந்த வாயால பேசறதுன்னு மட்டும் சொல்லலை.

ஆபீஸ்காரர்: ரெக்கார்டர் எப்ப வரைக்கும் நம்மகிட்ட இருக்கும்?

மருமகள்: சாயங்காலம் திருப்பிக் கொடுத்துடணும். அடுத்த நோயாளி காத்துக்கிட்டிருக்காங்க. வாங்கின உடனே அழிச்சுடுவாங்க. அதுக்குள்ள எடுக்கலைன்னா... இந்த பேங்க் பொண்ணுதான். கடைசி வரைக்கும்.

ஆபீஸ்காரர்: அதெல்லாம் எடுத்துடலாம்.

மருமகள்: சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க சார்.

ஆபீஸ்காரர்: சரி, சொல்லலை. ரெண்டும் பேசிக்கறதை ஒட்டுக் கேப்போம். இந்தக் குட்டிப் பெட்டியை நடுவுல மாட்டினா, ஒயர்ல போறது வர்றது எல்லாம் என் ஸ்கிரீன்ல வரும். நீ இதைப் பிடி... பிடிங்க மேடம்.

அத்தை: என்ன சார், கை வழுக்குதா, வாய் வழுக்குதா?

ஆபீஸ்காரர்: கை... கைதான்மா.

மருமகள்: அத்தை, கொஞ்ச நேரம் டைப் அடிக்காம இருங்களேன்.

அத்தை: அதுக்குப் பேசாம இருங்கன்னு அர்த்தம். சரி. வாயை மூடறேன். விரலை மடக்கறேன்.

ஆபீஸ்காரர்: இதோ வந்துடுச்சு. கம்ப்யூட்டர் கேக்குது: "முதல் வாக்கியத்தைக் கொடு, ஆறு செகண்டு அளவு." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மையத்துல ஆறு செகண்டுன்னு ஒதுக்கியிருக்காங்க போல.

மருமகள்: ரெக்கார்டர் என்ன சொல்லுது?

ஆபீஸ்காரர்: "முடியாது."

மருமகள்: அப்ப குறைவா இருக்கு. அழிஞ்சுதான் போச்சு...

ஆபீஸ்காரர்: அவசரப்படாதீங்க. ரெக்கார்டர் பக்கம் மாதிரி, ஆபீஸ்ல அனுப்பற பக்கத்துக்குப் புரோகிராம் எழுதறவங்க நீங்க. உங்ககிட்ட குறைவா இருந்தா என்ன பண்ணுவீங்க?

மருமகள்: இருக்கறதைக் கொடுத்துடுவேன். கூடவே, நீ கேட்டதுல இவ்வளவு வரலைன்னு சொல்லிடுவேன். அதான் முறை. பொய் சொல்லி வெத்து இடத்தை நிரப்பக் கூடாது, சொல்லாம விடவும் கூடாது.

ஆபீஸ்காரர்: இது அப்படிச் சொல்லலையே. ஒண்ணுமே கொடுக்காம "நீ கேட்டதே தப்பு"ன்னு சொல்லுது.

மருமகள்: நகருங்க, நான் பாக்கறேன்... கேட்டதே தப்புன்னா... ஐயோ!

அத்தை: என்னடி?

மருமகள்: குறைவு இல்ல அத்தை! அதிகம்! ரெக்கார்டர்கிட்ட கேட்டதைவிட அதிகமா இருக்கு! கெட்டுப்போகலை... எதுவுமே கெட்டுப்போகலை!

ஆபீஸ்காரர்: ஆறு செகண்டு கேக்கறாங்க, இதுகிட்ட பதினஞ்சு இருக்கு. வாங்கிக்க அங்க இடம் இல்ல. அதனால ரெக்கார்டர் மறுக்குது, கம்ப்யூட்டர் இணைப்பைத் துண்டிச்சுட்டு மறுபடி அதே ஆறைக் கேக்குது.

அத்தை: நாலு பேருக்குப் பாய் விரிச்சு ஆறு பேர் வந்தா, நெருக்கி உக்கார வேண்டியதுதானே? கதவைச் சாத்துவாங்களா?

ஆபீஸ்காரர்: கம்ப்யூட்டர்ல நெருக்கினா பக்கத்து வீட்டுக்காரர் மடியில போய் உக்காந்துடுவாங்கம்மா. அப்புறம் அந்த வீட்டுச் சாமானும் உடையும். அதான் என் பக்கத்து ஆளுங்க, வாங்கற பக்கத்துல, இவ்வளவுதான்னு கறாரா இருப்போம்.

மருமகள்: கறார் இல்ல, பிடிவாதம். உன்கிட்ட எவ்வளவு இருக்குன்னு முதல்ல ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க? ஆபீஸ்லயும் இதே சண்டைதான் அத்தை, தினமும்.

அத்தை: தினமுமா?

மருமகள்: ...வேலை விஷயமா.

ஆபீஸ்காரர்: நீங்க மட்டும் என்னவாம்? சொல்லாம கொள்ளாமக் கொட்டுவீங்க.

மருமகள்: சொல்றதைக் கேக்கற ஆளு இருந்தாத்தானே சொல்ல முடியும்!

அத்தை: நல்லாச் சண்டை போடறா சார் இவ. என் பையன் தவறிப் போனதுக்கப்புறம் மூணு வருஷமா என்கிட்ட மட்டும்தான் போட்டா. இந்த வீட்டுல நாங்க ரெண்டே பேர். நானும் பேங்க் குரல்ல பேச ஆரம்பிச்சா, பாவம், இவ யார்கிட்ட சண்டை போடுவா? எனக்கு என் குரல் வேணும் சார். அழகுக்குக் கேக்கலை.

ஆபீஸ்காரர்: புரியுதும்மா.

மருமகள்: அத்தை... ஒண்ணு கேக்கறேன். ஆறு செகண்டு ஆனதும் பீப் அடிக்கும், உடனே பட்டனை விடணும்னு சொன்னாங்கல்ல? நீங்க விடலையா?

அத்தை: விட்டேன்.

மருமகள்: விட்டிருந்தா பதினஞ்சு எப்படி வந்தது?

அத்தை: இருமினேன்.

மருமகள்: ஒவ்வொரு வாக்கியத்துக்கும்?

அத்தை: தொண்டையில நோவு. இருமாம பாட்டா பாடுவாங்க?

ஆபீஸ்காரர்: நேரம் ஆகுது. சுலபமா ஒரு வழி இருக்கு. கேட்ட அளவோட வெட்டிடுவோம். ஆறு செகண்டு வந்ததும், போதும்னு சொல்லி அடுத்த வாக்கியத்துக்குப் போயிடலாம்.

அத்தை: ஆமா. வெட்டுங்க. அதான் சரி.

மருமகள்: வேணாம் சார். அதிகமா வந்ததை வெட்டினா, வெட்டின மிச்சம் எங்க போகும்?

அத்தை: குப்பைக்குப் போகட்டும். இருமல்தானே. வெட்டுங்க சார். வெட்டுங்க.

மருமகள்: ஏன் அத்தை ரெண்டு தடவை அடிக்கறீங்க?

அத்தை: ஒரு தடவை அடிச்சா யார் கேக்கறீங்க?

ஆபீஸ்காரர்: ஒண்ணே ஒண்ணை எடுத்துப் பாப்போமே மேடம். மையத்துப் புரோகிராமை ஓரமா வெச்சுட்டு, ஆறு செகண்டு வந்ததும் நிறுத்தற மாதிரி நானே கேக்கறேன்... வருது... வந்துடுச்சு! முதல் வாக்கியம். போடவா?

மருமகள்: போடுங்க.

பதிவு: எனக்குத் தண்ணீர் வேண்டும்.

ஆபீஸ்காரர்: வந்துடுச்சு பாருங்க... மேடம்? மேடம், அழறீங்களா?

மருமகள்: இல்ல... இன்னொரு தடவை போடுங்க.

பதிவு: எனக்குத் தண்ணீர் வேண்டும்.

மருமகள்: அத்தை... ஏதாவது அடிங்களேன். சும்மா இருக்காதீங்க.

அத்தை: விரல் ஓடலைடி.

மருமகள்: உங்க குரல் அத்தை. எனக்கே மறந்துபோச்சோன்னு பயமா இருந்தது. ராத்திரி படுத்துக்கிட்டு நினைச்சு நினைச்சுப் பாப்பேன், வரவே வராது. அந்த பேங்க் பொண்ணுதான் வருவா.

அத்தை: எனக்கும்தான். மனசுக்குள்ள பேசினாக்கூட அவதான் வர்றா.

ஆபீஸ்காரர்: அடுத்ததைக் கொஞ்சம் நீளமாவே வாங்கிப் போடறேன்.

பதிவு: ...ன்னு சொல்லணுமாம். தாகம் எடுத்தா நானே எழுந்து போய்க் குடிப்பேன். காலுக்கு என்ன கேடு? இதைப் போய் எழுதிக் கொடுத்திருக்கான் பாரு, புண்ணியவான்... "என் மருந்துகளை எடுத்து...

மருமகள்: அத்தை! இதுவா இருமல்?

அத்தை: சளியோட சேர்ந்து வந்திருக்கும்.

ஆபீஸ்காரர்: ஹ ஹ... மேடம், நீங்க பயந்ததுதான் நடந்திருக்கு. முதல் வாக்கியத்துல வெட்டின மிச்சம் குப்பைக்குப் போகலை, ஒயர் வாசல்லயே நின்னு, ரெண்டாவதோட தலையில ஏறிக்கிச்சு. இப்ப ரெண்டாவதோட வால், மூணாவது தலையில ஏறும். இப்படியே போனா தண்ணி கேட்டா மருந்து வரும், மருந்து கேட்டாத் திட்டு வரும்.

மருமகள்: அதான் சொன்னேன். அதிகமா வந்தா அதை முழுசா வாங்கித்தான் ஆகணும். அப்புறம் வேணும்னா பாத்துப் பிரிச்சுக்கலாம்.

அத்தை: மிச்சத்தை மட்டும் வாங்கி, கேக்காமலே கொட்டிட முடியாதா?

ஆபீஸ்காரர்: முடியும்மா. வாங்கி வாங்கி...

மருமகள்: முடியாது! சார், நீங்க சும்மா இருங்க. அத்தை குரல்ல ஒரு துளியைக்கூட நான் கொட்ட விட மாட்டேன். அது என்ன, அவங்க எழுதிக் கொடுத்தது மட்டும்தான் குரலா? "தண்ணீர் வேண்டும், மருந்து வேண்டும்"... நீங்க என்னிக்காவது இப்படிப் பேசியிருக்கீங்களா? அந்தப் புண்ணியவானைத் திட்டினதுதான் அத்தை நீங்க!

அத்தை: அதைத்தான் நானும் நினைச்சேன். சாகற வரைக்கும் இந்த மெஷின்ல தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கணுமான்னு கோவம் வந்தது. பீப் அடிச்சா அடிச்சுக்கோன்னு பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். எனக்குத் தோணினதைப் பேசினேன். அதனால இவ்வளவு வம்பு வரும்னு யாருக்குத் தெரியும்.

மருமகள்: வம்பு இல்ல அத்தை. சார், கீபோர்டை இப்படித் தள்ளுங்க. முதல்ல ரெக்கார்டர்கிட்ட "உன்கிட்ட எவ்வளவு இருக்கு?"னு கேக்கணும். அது சொல்ற அளவுக்கு இடம் பண்ணணும். அப்புறம் அதே அளவைக் கேட்டு வாங்கணும். அவ்வளவுதான்.

ஆபீஸ்காரர்: என் பக்கத்துப் புரோகிராமை நீங்க எழுதறீங்களா?

மருமகள்: ஆமா. புகார் இருந்தா திங்கக்கிழமை ஆபீஸ்ல கொடுங்க.

ஆபீஸ்காரர்: ஒரு இடத்துல மட்டும் கை வெக்க விடுங்க. திடீர்னு எக்கச்சக்கமா ஒரு அளவைச் சொன்னா, அதை அப்படியே நம்பக் கூடாது. ஒரு எல்லை போடணும்.

மருமகள்: அது நியாயம். போடுங்க.

அத்தை: அட... ஒத்துக்கிட்டாளே. என்கிட்ட இப்படி ஒரு நாள் ஒத்துக்கிட்டதில்ல.

மருமகள்: அத்தை!

ஆபீஸ்காரர்: ஓட்டறேன்... ஒண்ணு... ரெண்டு... விளக்கு அணையலை. மூணு... அணையலை மேடம்!

மருமகள்: சத்தம் போடாதீங்க, திருஷ்டி பட்டுடும்.

ஆபீஸ்காரர்: வேகமா வருது. பாதி தாண்டியாச்சு... கடைசி... முடிஞ்சுது! எல்லாம் வந்தாச்சும்மா. ஒண்ணுகூட விடாம.

மருமகள்: மையத்துக்கு அனுப்புங்க, அனுப்புங்க.

ஆபீஸ்காரர்: அனுப்பிட்டேன்.

அத்தை: எல்லாத்தையுமா?

ஆபீஸ்காரர்: எல்லாத்தையும்தான்மா.

மருமகள்: போன் அடிக்குது, மையம்தான்... ஹலோ... ஆமாங்க... கெட்டுப்போகலைங்க, அளவுதான் கொஞ்சம் கூட... ஆமா, திட்டெல்லாம் இருக்கும்... அப்படியா? ...ரொம்ப நன்றிங்க. ரெக்கார்டரைக் கொண்டுவந்து கொடுத்துடறோம்.

ஆபீஸ்காரர்: என்னவாம்?

மருமகள்: படிக்கிற குரலைவிடப் பேசற குரல் கிடைச்சாத்தான் அவங்களுக்கு நல்லதாம். கோவம், சிரிப்பு, கிண்டல் எல்லாம் இருந்தா மெஷினும் அதைக் கத்துக்குமாம். வேலையை இன்னிக்கே ஆரம்பிக்கறாங்க. அத்தை, இனிமே நீங்க என்னைத் திட்டினா அது திட்டு மாதிரியே இருக்கும்!

அத்தை: வரட்டும் வரட்டும். சேர்த்து வெச்சிருக்கேன்.

ஆபீஸ்காரர்: அப்ப நான் கிளம்பறேம்மா. வழியில ரெக்கார்டரை மையத்துல கொடுத்துட்டுப் போறேன்.

மருமகள்: இருங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. அழிச்சுட்டா திரும்ப வராது. ஆரம்பத்தைக் கேட்டாச்சு, கடைசியையும் கேட்டுட்டா நிம்மதி. அது என்ன, கடைசி மட்டும் இவ்வளவு நீளமா இருக்கு?

அத்தை: அதைப் போடாதே.

மருமகள்: ஏன்?

அத்தை: ரொம்ப இருமல்.

மருமகள்: அத்தை...

அத்தை: சார் கிளம்பட்டும். அப்புறம் கேட்டுக்கலாம்.

ஆபீஸ்காரர்: நான் வேணும்னா வெளிய நிக்கறேன் மேடம். வீட்டு விஷயமா இருக்கும்.

அத்தை: வெளிய நிக்க வேண்டாம். நின்னதெல்லாம் போதும்.

ஆபீஸ்காரர்: ...அம்மா?

மருமகள்: அத்தை, என்ன சொல்றீங்க?

அத்தை: நீயே வாயைத் திறந்து சொல்லணும்னு காத்திருந்தேன். அதுவரைக்கும் இதை யாரும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். மையத்துல முன்பின் தெரியாதவன் எவனோ கேக்கப் போறான். அதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு பேரும் கேட்டுடறதுதான் முறை. போடு.

மருமகள்: எனக்குக் கை வரலை...

ஆபீஸ்காரர்: விடு, நான் போடறேன்.

பதிவு: "வணக்கம். தயவுசெய்து உள்ளே வாருங்கள்." ...ம்க்கும். இப்படிக் கூப்பிட்டா எவன் வருவான்? நாளைக்கு ஆபரேஷன், இன்னிக்கு என் இஷ்டத்துக்கு நாலு வார்த்தை பேசிக்கறேன். தெருமுனையில ஸ்கூட்டரை நிறுத்தி, இவளை இறக்கி விட்டுட்டு, எங்க வீட்டை ஒரு பார்வை பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போறீங்களே, நெட்டையா ஒருத்தர்... ஜன்னல்லேர்ந்து நல்லாத் தெரியுதுங்க. என் பையன் போனதுக்கப்புறம் இவ வாய்விட்டுச் சிரிச்சு நான் பார்த்தது அங்கதான். வாசப்படி ஏறினதும் முகத்தை மாத்திக்கறா, பைத்தியக்காரி. என் மனசு நோகுமாம். நோகலைடி. நீ சிரிக்காம இருந்தப்பதான் நொந்தது... இவ தைரியமா உங்களை அழைச்சுக்கிட்டு வர்ற அன்னிக்கு எனக்குக் குரல் இருக்காது. வேற யாரோ குரல்ல உங்களை வரவேற்க எனக்கு மனசு வரலை. அதனால இப்பவே, என் வாயாலயே கூப்பிட்டு வெச்சுடறேன்... வாங்க மாப்பிள்ளை. உள்ள வாங்க.